சுட்டு வீழ்த்திவிட்டார்கள் என்றால் வீடு எப்படி இடிகிறது?

9 ஜூலை 2024: வாசகர் கேள்வி

நேற்று கீவ் நகரக் குழந்தைகள் மருத்துவமனை இடிந்ததைப் பார்த்து மனசு ஆறவில்லை. ஆனால் ஒரு பக்கம் ரஷ்ய ஏவுகணை என்கிறார்கள், இன்னொரு பக்கம் உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணைதான் விழுந்தது என்கிறார்கள். தினமும் இத்தனை வந்தது, இத்தனை வீழ்த்தினோம் என்று கணக்கு வேறு. வீழ்த்திவிட்டால் வீடு எப்படி இடிகிறது? மேலே உடைத்தது கீழே விழுந்து ஆள் செத்தால், அதற்கு அனுப்பியவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

10 ஜூலை 2024, இரவு 11.40

நான் 2016 முதல் 2022 மார்ச் வரை கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தவள். கடைசி ஆண்டில் போர் வந்தது. அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

மருத்துவமனை விஷயத்தில், ஐ.நா. மனித உரிமைக் கண்காணிப்புக் குழு காணொளியையும் இடத்தையும் பார்த்துவிட்டு, ஏவுகணை நேரடியாக வந்து தாக்கியதற்கே வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிட்டது. கிடைத்த துண்டுகள் கேஎச்-101 வகை ரஷ்ய ஏவுகணையினுடையவை என்கிறது உக்ரைன்.

ஆனால் உங்கள் கேள்வி பொதுவாகவும் சரியான கேள்விதான். பறந்து வரும் ஏவுகணையின் வயிற்றில் எரிபொருளும் சில நூறு கிலோ வெடிமருந்தும் இருக்கும். நடுவானில் அடித்தால் அது காற்றில் கரைந்துபோகாது. வெடிக்கலாம், பாதி வெடிக்கலாம், வெடிக்காமல் திசை மாறிக் கீழே வரலாம். அதை அடித்த ஏவுகணையின் துண்டுகளும் எங்கோ விழுந்தாக வேண்டும். வயல்வெளிக்கு மேல் அடித்தால் வயலில் விழும். ஊருக்கு மேல் வந்த பிறகு அடித்தால் ஊரில்தான் விழும். வீழ்த்தியதாகச் சொன்ன நாளிலும் கூரை எரிவது அதனால்தான்.

எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே. இங்கே அம்பைக்கூட இல்லை, அம்பைத் தடுக்கக் கை நீட்டியவனை நோகிறோம்.

11 ஜூலை 2024, காலை

நேற்று எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் சூடாகிவிட்டது, மன்னிக்கவும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது, அது தெரிந்தால் என் சூடு புரியும்.

2023 ஜனவரி 14, சனிக்கிழமை. நமக்கு அன்று போகி. நான் ஊரில் இருந்தேன். அம்மா பழைய பாயையும் துடைப்பத்தையும் வாசலில் எரித்து முடித்திருந்தார். அங்கேயும் அன்று பண்டிகை நாள். பழைய நாள்காட்டிப்படி அவர்களுக்கு அது புத்தாண்டு, 'பழைய புத்தாண்டு' என்றே பெயர். குடும்பமாக வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். மத்தியானம் மூன்றரை மணிக்கு மேல், த்னிப்ரோ நகரில் ஆற்றங்கரைச் சாலையில் இருந்த ஒன்பது மாடிக் குடியிருப்பில் ஒரு கேஎச்-22 விழுந்தது. 46 பேர் இறந்தார்கள், அதில் 6 குழந்தைகள். மீட்புப் பணி 17-ஆம் தேதி வரை நடந்தது.

கேஎச்-22 என்றால் என்ன என்று பாருங்கள். சோவியத் காலத்தில், 1960-களில், கடலில் போகும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடிக்கச் செய்த ஏவுகணை. கிட்டத்தட்ட 6 டன் எடை, அதில் வெடிமுனை மட்டுமே ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. திறந்த கடலில் பெரிய இரும்புக் கப்பலை ரேடார் பார்த்துப் பிடிக்கும். நகரத்துக்குள் அதற்குக் குறி தெரியாது, பல நூறு மீட்டர் தள்ளி விழும். இதை வீடுகள் நெருக்கமாக இருக்கும் ஊரை நோக்கி விடுகிறவருக்கு, அது எங்கே விழலாம் என்பது தெரிந்தே இருக்கும்.

அன்று மாலை உக்ரைன் அதிபரின் ஆலோசகர் ஒலெக்ஸி அரெஸ்டோவிச் ஒரு நேரலையில், எங்கள் வான்பாதுகாப்பு அடித்ததால்தான் அது குடியிருப்பில் விழுந்தது என்கிற மாதிரி சொல்லிவிட்டார். இடிபாட்டுக்குள் ஆட்கள் உயிரோடு கிடக்கும்போதே சொன்னார். விமானப்படை உடனே மறுத்தது, கேஎச்-22-ஐ வீழ்த்தும் வசதியே எங்களிடம் இல்லை என்றது. மூன்றாம் நாள் அவர் மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார். அதற்குள் ரஷ்யத் தரப்பு அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியும்.

11 ஜூலை 2024, மதியம்

விட்டுப்போனது: த்னிப்ரோ குடியிருப்பின் அந்த மஞ்சள் சமையலறைப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுவர் முழுதும் போய், மஞ்சள் அலமாரி, மேசை, மேசைமேல் ஒரு தட்டில் பழம், எல்லாம் தெருவைப் பார்த்து அப்படியே நிற்கும். அந்த வீட்டுத் தந்தை இறந்துபோனார். சில நாளில், தாக்குதலுக்கு முன்பு அதே சமையலறையில் அதே மஞ்சள் அலமாரிக்கு முன்னால் குழந்தையின் பிறந்தநாள் கொண்டாடிய காணொளி வந்தது. அதை நான் ஒருமுறைக்கு மேல் பார்க்கவில்லை.

14 ஜூலை 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு ஏவுகணைக்கு ஒன்பது மாடியும் மேலிருந்து கீழ்வரை ஏன் சரிகிறது, தரமில்லாத கட்டடமா என்று.

தரம் என்பதைவிட வகை என்று சொல்லலாம். அங்கே நகர மக்களில் பெரும்பாலோர் இருப்பது சோவியத் காலத்தில் பலகை பலகையாகக் கான்கிரீட் வார்த்து, கொண்டுவந்து அடுக்கிய குடியிருப்புகளில். ஒவ்வொரு படிக்கட்டுக்கும் தனி வாசல், அந்த வாசலைச் சுற்றி மாடிக்கு நாலு வீடு. நடுவில் தாங்கும் பலகை ஒன்று போனால் அதற்கு மேலே இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிவிடும். த்னிப்ரோவில் அப்படித்தான் நடுப்பகுதி இல்லாமல்போய், இரண்டு பக்கமும் கட்டடம் நின்றது. நின்ற பகுதியிலும் யாரும் குடியிருக்க முடியாது.

மீட்பவர்கள் நடுநடுவே எல்லா இயந்திரத்தையும் நிறுத்துவார்கள். தெருவில் நிற்கும் கூட்டமும் வாயை மூடிக்கொள்ளும். உள்ளேயிருந்து ஏதாவது குரல் வருகிறதா, தட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்பதற்காக. அந்த அமைதியை நான் காணொளியில்தான் பார்த்தேன், எனக்கே மூச்சு நின்றது.

மருத்துவம் படித்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இடிபாட்டில் கால் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவரைப் பார்த்ததும் பலகையைத் தூக்கி இழுத்துவிடக் கூடாது. நசுங்கிய தசையில் சேர்ந்திருக்கும் பொட்டாசியம் ஒரே மூச்சில் ரத்தத்தில் கலந்தால் இதயம் நின்றுவிடும். தூக்கும் முன்பே, அவர் இருக்கும் இடத்திலேயே டிரிப்ஸ் ஏற்றத் தொடங்க வேண்டும். உயிரோடு பேசிக்கொண்டிருந்தவர் வெளியே எடுத்ததும் இறந்தார் என்று கேள்விப்படுகிறோமே, பல நேரம் காரணம் இதுதான்.

20 ஜூலை 2024

சாவுக் கணக்கு மட்டும் கேட்கிறீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடி பற்றி யாரும் கேட்பதில்லை.

கார்கிவில் நான் வாடகைக்கு இருந்தது சால்டிவ்கா பகுதியில், ஆறாம் மாடி. வீட்டுக்காரப் பாட்டி ஓர் அறையில், நானும் திருநெல்வேலித் தோழியும் இன்னோர் அறையில். பாட்டி பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஊருக்கு வந்த பிறகும் வாரம் ஒரு குரல் பதிவு அனுப்புவார். 2022 மார்ச் கடைசியில் பக்கத்துக் கட்டடத்தில் ஏவுகணை விழுந்தது. பாட்டி வீட்டில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. செய்திக் கணக்கில் அந்த வீடு எங்கேயும் வராது.

ஆனால் ஐந்து சன்னலும் போய்விட்டன. வெளியே மைனஸ் குளிர். அங்கே வீட்டைச் சூடாக்குவது ஊருக்குப் பொதுவான நிலையத்திலிருந்து குழாயில் வரும் வெந்நீர். சன்னல் போனால் அறை உறையும். நிலையத்திலும் அடி விழுந்து நீர் ஓட்டம் நின்றால் குழாய்க்குள் இருப்பது பனிக்கட்டியாகிக் குழாய் வெடிக்கும். அப்புறம் வெயில் வந்ததும் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவரில் இறங்கும். எரிவாயு இணைப்பை முன்பே துண்டித்திருப்பார்கள். நாலு மாதம் பாட்டி மின் அடுப்பில் ஒரே ஒரு பாத்திரம் வைத்துச் சமைத்தார், மின்சாரம் இருந்த நேரத்தில்.

பால்கனியில் அவர் ஆண்டுதோறும் போட்டு வைக்கும் வெள்ளரி, தக்காளி ஊறுகாய் ஜாடிகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அத்தனையும் உடைந்தன. சன்னல் கண்ணாடி எது, ஜாடிக் கண்ணாடி எது என்று தெரியாமல் எல்லாம் கலந்து உப்பு நீரில் கிடந்ததாம். கையுறை இல்லாமல் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அள்ளினேன் என்றார். ஒரு மாதம் கழித்தும் செருப்புக்குள் சில்லு வந்தது.

2024 பிப்ரவரியில் உலக வங்கியும் ஐ.நா.வும் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி நாட்டின் வீடுகளில் 10 சதவீதம், சுமார் 20 லட்சம் வீடுகள், சேதமடைந்தோ அழிந்தோ போயிருக்கின்றன. அந்த 20 லட்சத்தில் எத்தனை வீட்டுக்குள் இப்படிச் சில்லு பொறுக்கிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

20 ஜூலை 2024, இரவு

"சன்னலில் ஒட்டுநாடா ஒட்டினால் உடையாதா?" என்று கேட்டவருக்கு: உடையும். குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒட்டினால் சிதறுவது கொஞ்சம் குறையும் என்று நினைத்துத்தான் ஒட்டுகிறார்கள். நாங்களும் முதல் நாள் ஒட்டினோம். பாட்டி வீட்டில் ஒட்டிய சன்னல் பெரிய பெரிய துண்டாக, நாடாவோடு சேர்ந்து கட்டில்மேல் விழுந்திருந்தது. கட்டிலில் ஆள் இருந்திருந்தால் அது நல்லதா கெட்டதா? கண்ணாடி முழுவதும் ஒட்டும் தடித்த படலம் பரவாயில்லை. அதைவிட நல்லது சன்னல் இருக்கும் அறையிலேயே தூங்காமல் இருப்பது.

வெடிச் சத்தம் கேட்டதும் என்ன ஏதென்று பார்க்கச் சன்னலுக்கு ஓடாதீர்கள். கண்ணில் சில்லு ஏறுவது பெரும்பாலும் அப்படித்தான்.

2 ஆகஸ்ட் 2024

இழை பழசாகிவிட்டது என்று நினைத்தேன், நாலைந்து பேர் இன்னும் படிக்கிறீர்கள். சரி.

அபாயச் சங்கு ஊதினால் ஏன் கீழே ஓடவில்லை என்று கேட்டீர்கள். கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ரஷ்ய நகரமான பெல்கொரோத் பக்கமிருந்து எஸ்-300 ஏவுகணைகளை விடுவார்கள். அது விமானத்தை அடிக்கச் செய்த ஏவுகணை, தரையை நோக்கி விட்டால் எங்கே விழும் என்று உறுதியில்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். பல நாள் முதலில் வெடிக்கும், அப்புறம்தான் சங்கு ஊதும். ஆறாம் மாடியிலிருந்து எழுபது வயதுப் பாட்டி எந்த நேரத்தில் இறங்குவார்?

அதனால்தான் அங்கே 'இரண்டு சுவர்' என்று ஒரு பேச்சு. உங்களுக்கும் வெளிக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டும். முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சுவர் சில்லை வாங்கும். பெரும்பாலான வீட்டில் அப்படி இருக்கும் இடம் நடைவழி. குளியலறை கூடாது, சுவரில் பதித்த ஓடுகளும் கண்ணாடியும் சிதறும். பாட்டி இரண்டு ஆண்டாக நடைவழியில்தான் தூங்குகிறார். செருப்பு ஸ்டாண்டை வெளியே வைத்துவிட்டு மெத்தை போட்டிருக்கிறார்.

அங்கே ஓர் ஏவுகணை வந்து விழுவதற்கு மக்கள் வைத்திருக்கும் சொல் 'ப்ரிலியோத்'. ரஷ்ய மொழியில் வந்திறங்குதல் என்று அர்த்தம். 2016-இல் நான் முதன்முதலில் கற்ற பத்து ரஷ்யச் சொற்களில் அது ஒன்று, விமான நிலையப் பலகையில் 'வருகை' என்ற இடத்தில் எழுதியிருக்கும். இப்போது பாட்டி "நேற்று எங்கள் பக்கம் ப்ரிலியோத்" என்று சொல்லும்போது வேறு அர்த்தம். அந்தச் சொல் இனி எனக்கு அந்தப் பலகைக்குத் திரும்பாது.

2 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் தனிச் செய்தியில் எழுதியிருந்தார். 1990-களில் அவர்கள் வீட்டு முற்றத்தில் பனங்குற்றி போட்டு, மேலே மண்மூட்டை அடுக்கிப் பங்கர் வெட்டியதை. மழைக்காலத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்றார்களாம், பாம்பும் கூடவே. "உங்கள் பாட்டிக்கு முற்றம் இல்லையே பிள்ளை" என்று முடித்திருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

3 ஆகஸ்ட் 2024

"பெல்கொரோத் மக்களும் சாகிறார்களே, அதைச் சொல்ல மாட்டீர்களா?" சொல்கிறேன். 2023 டிசம்பர் 30 அன்று பெல்கொரோத் நகர மையத்தில் விழுந்த தாக்குதலில் 25 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் உண்டு. அங்கேயும் சன்னல்தான் உடைந்தது, அங்கேயும் யாரோ ஒரு பாட்டி சில்லு பொறுக்கியிருப்பார். அதற்காக அழ எனக்குத் தயக்கமே இல்லை. கார்கிவ் வீட்டுக்காரப் பாட்டியின் தங்கை பெல்கொரோத்தில்தான் இருக்கிறார். 2022-க்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஆனால் அதைச் சொல்லி இதைக் கழித்துவிட முடியாது. ஜெனீவா ஒப்பந்தத்தின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, குறி பார்த்து அடிக்க முடியாத ஆயுதத்தை மக்கள் வாழும் இடத்தில் பயன்படுத்துவதையே தடை செய்கிறது. யார் விட்டாலும் அதே சட்டம். இந்த ஆண்டு மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ரஷ்ய நெடுந்தூர விமானப்படைத் தளபதி செர்கேய் கோபிலாஷ் மீது பிடியாணை போட்டது. அது மின் நிலையங்கள் மேல் நடந்த தாக்குதலுக்காக. த்னிப்ரோ வீட்டுக்காக இன்னும் ஒரு பிடியாணையும் இல்லை.

22 ஆகஸ்ட் 2024

ஒரு திருத்தம். ஜூலையில் நான் எழுதியதைப் படித்தால் கேஎச்-22-ஐ யாருமே வீழ்த்தியதில்லை என்று தோன்றும். அது 2023 ஜனவரி நிலவரம். இந்த ஏப்ரலில் முதல்முறையாக இரண்டை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. இப்போது தலைமைத் தளபதி சிர்ஸ்கி வெளியிட்ட கணக்கில், போர் தொடங்கியதிலிருந்து கேஎச்-22, அதன் புதிய வடிவமான கேஎச்-32 வகையில் வந்தவை 362, வீழ்த்தியவை 2.

இந்த இரண்டு எண்ணையும் முதல் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீழ்த்தியதால் வீட்டில் விழுந்தது என்று சொல்லவே இந்த வகையில் வழியில்லை. 360 அப்படியே வந்து இறங்கின.

31 ஆகஸ்ட் 2024

நேற்று மத்தியானம் கார்கிவில் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் குண்டு. விளையாட்டுத் திடலில் இருந்த ஒரு சிறுமியும் இறந்தாள். இது ஏவுகணை இல்லை, விமானத்திலிருந்து விடும் சறுக்குக் குண்டு. தீப்பிடித்த மாடிகளைப் படத்தில் பார்த்ததும் இது சால்டிவ்காவா இல்லையா என்று வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். நான் இப்போது பயிற்சி மருத்துவர், பகல் பணி. வார்டில் ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே பையில் போன் அதிர்கிறதா என்று காத்திருந்தேன். இரவு எட்டரைக்குப் பாட்டியின் பதிவு வந்தது, பதினொரு வினாடி. "நான் இல்லை. நான் இல்லை. நீ சாப்பிட்டாயா?"

இதைச் செய்தியாகச் சொல்லவில்லை. தாக்குதல் நடந்த இடத்தைச் சுற்றி எத்தனை தூரம் வரை மனிதர்கள் இப்படி நிற்கிறார்கள் என்று அளவு யாரும் எடுப்பதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

8 செப்டம்பர் 2024

2022-இல் எப்படி வெளியே வந்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக: பிப்ரவரி 24 விடிகாலை ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தோம். ஆறு நாள் மெட்ரோ நிலையத்தில், நிறுத்தி வைத்த ரயில் பெட்டிக்குள் தூங்கினோம். மார்ச் 1 அன்று மளிகைக்கு வரிசையில் நின்ற இந்திய மாணவர் ஒருவர் இறந்தார். மறுநாள் தூதரகம் கார்கிவை விட்டு உடனே வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே பக்கத்து ஊரான பிசோசினுக்குப் போங்கள் என்றது. ரயில் நிலையத்திலிருந்து 11 கிலோமீட்டர், பனியில் நடந்தோம். கிளம்பும்போது பாட்டி என் பைக்குள் ஒரு ஊறுகாய் ஜாடியை வைத்தார். கனமாக இருக்கிறது என்று வழியில் ஒரு மதில்மேல் வைத்துவிட்டு வந்தேன். அவருடைய மற்ற ஜாடிகள் என்ன ஆயின என்று மேலே எழுதியிருக்கிறேன்.

15 செப்டம்பர் 2024

இன்னொரு திருத்தம். இது முக்கியம், தேடி வந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நடைவழியில் இரண்டு சுவர் என்று எழுதினேன். நேற்று பாட்டியோடு காணொளியில் பேசும்போது அவர் மெத்தையைக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன்: நடைவழிக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, கதவு. அந்தக் கதவின் மேல்பாதி பூ வேலைப்பாடு போட்ட கண்ணாடி. அந்தக் காலத்து வீடுகளில் நடைவழிக்கு வெளிச்சம் வர உள்கதவுகளில் கண்ணாடி வைத்திருப்பார்கள். ஆறு ஆண்டு அந்த வீட்டில் இருந்தும், இரண்டு சுவரை எண்ணும்போது அது என் கணக்கில் வரவில்லை. பாட்டியின் தலைமாடு சரியாக அதன் கீழே.

சொன்னேன். கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். இன்று காலை பதிவு அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஆணியைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாராம். அந்த இடத்தில் ப்ளைவுட். கழற்றியதைத் தூக்கிப் போடவில்லை. கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறார். அதோடு மாட்டும் சட்டத்தையும் நாலு ஆணியையும் ஒரு உறையில் போட்டு, எது எந்த மூலை என்று பென்சிலால் எண் எழுதியிருக்கிறாராம்.